நீக்கக் கூடாத ஆறு வரிகள்

அன்புள்ள ரூக்ஸார்,

இரவல் வாங்கிய பேனாவை மூடியோடு திருப்பிக் கொடுப்பவன் நான். உங்கள் தந்தை மதார் சாகிப்பைக் கேட்டால் சொல்வார். அவருடைய பைண்டிங் கடைக்கும் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பதினோரு வருடங்களில் அவரிடம் நான் வாங்கிய ஊசியும் நூல்கண்டும் பசைக் கிண்ணமும் அன்றன்றைக்கே அவர் மேசைக்குத் திரும்பிவிடும். கிண்ணத்தைக் கழுவித்தான் கொடுப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல இது தேவைப்படுகிறது.

நீங்கள் கேட்டது சிறிய கேள்விதான். எழுத்துமாற்றி மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பை இந்த வருடம் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். பழைய பதிப்புகளை ஒழுங்குபடுத்தும்போது, 2001ஆம் வருடப் பதிப்பில், காசி எழுதிய கோப்பின் தலையில் குப்பை போன்ற ஆறு வரிகளைக் கண்டீர்கள். அவற்றை அதே மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது தமிழாக வந்தன. குழுவில் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். கண் கலங்கியதாகப் பலர் எழுதியிருந்தார்கள். பிறகு எனக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல்: "அங்கிள், லைசென்ஸ் விவரத்துல ஒரு தேதி குறிக்கணும். காசி சார் எழுதுன அந்த ஆறு வரிய நீங்க முதல்ல படிச்சது எப்போ? அவர் இறந்ததுக்கு அப்புறம்தானே?"

தேதியைச் சொல்கிறேன். தேதியை மட்டும் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு என்பதால் மற்றதையும் சொல்கிறேன்.

அச்சகம் 1998இல் மூடப்பட்டது. நான் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால், ஷட்டர் போட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கணினி அச்சுக்கோப்பும் இணைய மையமும் நடத்தினேன். அன்றைக்குத் தமிழில் தட்டச்சு செய்யும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தார்கள். ஓர் எழுத்துருவில் அடித்ததை அது இல்லாத கணினியில் திறந்தால், வாலும் கொம்பும் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். திருமணப் பத்திரிகையும் கோயில் மலரும் அப்படி என் மேசைக்கு வந்து அழும். ஒன்றை இன்னொன்றாக மாற்ற ஒரு வழி வேண்டும் என்று நினைத்தேன். எந்த எழுத்துருவில் எந்த எண் எந்த எழுத்து என்று அட்டவணை தயாரித்தேன். பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அச்சடித்துப் பார்த்து, மூன்று வருடங்களில் பதினான்கு அட்டவணைகள். நிரல் எழுதுவது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அட்டவணைதான் என் வேலை. ஒரு புத்தகத்தில் அச்சிட்டவர் பெயர் வரும், பதிப்பித்தவர் பெயர் வரும், அட்டை போட்டவர் பெயர்கூட வரும். பிழை திருத்தியவர் பெயர் வராது. இதில்தான் முதன்முதலாக என் பெயர் வந்தது: அட்டவணைகள், வேணு, திருவண்ணாமலை.

காசி என் மனைவி மதிவதனியின் தம்பி. சென்னையில் அவன் வேலை பார்த்த கம்பெனி 2001இல் மூடியதும் ஊருக்கு வந்துவிட்டான். வேங்கிக்காலில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்தினான். என் மாமியார் மணியம்மாளும் அவனும் எங்களோடுதான் இருந்தார்கள். கலகலப்பானவன். என் பூதக்கண்ணாடியை எடுத்து என் தலையைப் பார்த்து, "இங்க எழுத்து கம்மியாயிட்டு வருது மாமா" என்பான். யாராவது வந்து எழுத்துருவின் பெயர் தெரியாமல் விழித்தால், எழுத்துமாற்றியும் விழிக்கும்; எந்த அட்டவணையை எடுப்பது என்று அதற்குத் தெரியாது. ஒரு நாள் காசி ஒரு ஃபிளாப்பியை என் மேசையில் வைத்தான்.

"மாமா, இனிமே ஃபான்ட் பேரு யாரையும் கேக்க வேணாம். அதுவே மோந்து பாத்துக்கும்."

இருநூற்று நாற்பது வரி நிரல். உண்மையில் மோந்து பார்த்தது. அதன் பிறகுதான் எழுத்துமாற்றியைப் பலர் பயன்படுத்தத் தொடங்கினார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை ஆசிரியர், தம்முடைய பத்து வருடத்து இதழ்களை மாற்றிவிட்டதாகவும் வேணு அவர்களின் அட்டவணைகளில் ஒரு பிழைகூடக் கண்டதில்லை என்றும் கைப்பட எழுதினார். அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்து கடையில் மாட்டினேன். நீங்கள் கல்லூரி விண்ணப்பம் அனுப்ப வந்த நாட்களில் பார்த்திருப்பீர்கள். கடிகாரத்துக்குக் கீழே இருந்தது.

காசியின் கோப்புத் தலையில் அந்தக் குப்பை வரிகள் அப்போதே இருந்தன. நான் கவனிக்கவில்லை. எனக்கென்று எழுதப்படாததைப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

2004ஆம் வருடம், உலகம் முழுக்கப் போகும் ஒரு கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் எழுத்துமாற்றியைச் சேர்க்க முன்வந்தார்கள். சேர்ப்பதற்கு முன் ஒருவர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, இது யாருடையது, எந்த நிபந்தனையில் கொடுத்தார் என்று பார்ப்பார். எங்களுக்கு வாய்த்தவர் ஜெர்மனியில் ஓர் அம்மையார். பண்பானவர். முப்பத்தொரு கோப்புகளில் முப்பது சரி என்றும், ஒன்றில் மட்டும் உரிமம் தெரியவில்லை என்றும் எழுதினார். அவர் சொன்ன வழிகள் மூன்று. எழுதியவரிடம் எழுத்துபூர்வமான அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பை நீக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால், அதைப் பார்த்தே இராத ஒருவர் புதிதாக எழுத வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் எதையும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொடுத்தால் எடுக்கலாம். கொடுத்தவன் தன் பெயரையும் குறிப்பையும் நீக்கக் கூடாது என்றால் நீக்கக் கூடாது. அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்கும் ஆட்கள் உலகத்தின் அந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

கோப்பை நீக்கினால் எழுத்துமாற்றி மறுபடி விழிக்கும். அதைப் பார்க்காமல் புதிதாக எழுதித் தரக்கூடிய ஆள் யாரையும் எனக்குத் தெரியாது. நான் பார்த்தவன், பார்க்காததுபோல் எழுதுவது நேர்மையாகாது. ஆகவே அனுமதிதான் வழி.

அது கார்த்திகை மாதம். தீபத்துக்குக் கொடியேற்றியிருந்தார்கள். காசி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டில் எல்லோரும் அவனைச் சாமி என்றுதான் அழைத்தோம், பெற்றவள் உட்பட. கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியலில் தலைக்குக் குளியல். கடைக்கு வந்தவனிடம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கேட்டேன்.

"சாமி, அந்த ஃபைலுக்கு ஒரு பர்மிஷன் லெட்டர் வேணும்."

"இன்னாத்துக்கு மாமா? அதான் மேலயே எழுதிக் குடுத்துட்டனே. நீங்க படிக்கலையா?"

"எதை?"

"மொத ஆறு வரி. கம்பெனி ஃபான்ட்ல அடிச்சது. மூணு வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லலையா, சரி, மாமாவுக்கு இஷ்டமில்ல போலனு விட்டுட்டேன்." அவன் சிரித்தான். "ஊருக்கெல்லாம் எழுத்து மாத்திக் குடுக்கறீங்க. உங்க சட்டியில இருக்கறத நீங்க தொறந்து பாக்கலையே."

அவன் வகுப்புக்குப் போய்விட்டான். அன்று, 2004 நவம்பர் இருபத்திரண்டாம் தேதி, மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த ஆறு வரிகளை எழுத்துமாற்றியில் போட்டுப் படித்தேன். இதுதான் நீங்கள் கேட்ட தேதி. அவன் இறந்தது இருபத்தைந்தாம் தேதி காலை. ஆகவே, அப்புறம்தானே என்ற உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை என்பது.

வரிகளை நீங்கள் குழுவில் போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆவணம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

இந்த நிரலை எழுதியது காசி.
யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த ஆறு வரிகளை மட்டும் நீக்கக் கூடாது.
பதினான்கு அட்டவணைகளும் என் மாமா வேணு மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்தவை. அவை இல்லாமல் இது ஒன்றும் இல்லை.
அவற்றில் நாற்பத்தொரு இடங்கள் தவறாக உள்ளன.
அவர் பொருளில் அவரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது என்பதால் அட்டவணைகளைத் தொடாமல், இந்த நிரலுக்குள்ளேயே அவற்றைச் சரிசெய்திருக்கிறேன்.
மாமா இதைப் படித்துவிட்டுச் சரி என்று சொன்னால் அட்டவணையிலேயே திருத்தலாம்.

கடை மூடும் நேரம் வரை நாற்பத்தொரு இடங்களையும் பார்த்தேன். நிரலின் நடுவில், வரிசையாக, எந்த அட்டவணை, எந்த எண், என்ன இருந்தது, என்ன இருக்க வேண்டும் என்று அடுக்கியிருந்தான். நல்ல ஒழுங்கு. பிறகு எழுந்து தண்ணீர் குடித்தேன். கடிகாரத்தில் மணி பார்த்தேன். அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தேன். அன்று வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். உரிமச் சிக்கல் மட்டும்தான் என் மனத்தில் இருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் நிபந்தனையோடு. மென்பொருள் போகும் இடமெல்லாம் அந்த ஆறு வரிகளும் போக வேண்டும். நான் அவற்றை நீக்கினால் அது திருட்டு. குப்பையாகவே விட்டால், அம்மையார் இது என்ன என்று கேட்பார். நான் பொய் சொல்ல வேண்டிவரும். காசியிடமே சென்று, நாலாவது வரியை எடுத்துவிடு என்று கேட்கலாம். கேட்டால் எடுத்துவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். ஆனால் கேட்பதற்கு, நான் அதைப் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டேன் என்று சொன்னால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். மேலும், ஒருவர் தாமாக எழுதிய குறிப்பை மாற்றச் சொல்லி வற்புறுத்துவது முறையல்ல. அதை நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை.

இந்த இடத்தில் ஷட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கடையின் ஷட்டரைத் தொட்டால் மின்சாரம் கடித்துக்கொண்டிருந்தது. மேலே பெயர்ப்பலகை விளக்குக்குப் போகும் வயர் எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொட்டிருக்க வேண்டும். தீபம் முடியும்வரை ஊரில் ஒரு வயர்மேனும் கிடைக்க மாட்டான். எல்லோரும் தேர் வீதிகளில் சீரியல் லைட் கட்டப் போயிருப்பார்கள். ஆகவே இரவில் பெயர்ப்பலகை சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். சுவிட்ச் மாடிப்படிச் சுவரில், வெளியில் இருந்தது. அணைத்தால் கடிக்காது. மதிவதனியிடமும் சொல்லி வைத்திருந்தேன். காசியிடம் சொல்லத் தேவை ஏற்படவில்லை. அவன் வரும்போது ஷட்டர் ஏற்கெனவே திறந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை தேர். ஊரே அங்கே இருந்தது. புதன்கிழமை மாலை தூறலில் காசி கடைக்கு வந்தான்.

"படிச்சீங்களா மாமா?"

"தொறக்கல சாமி. வேலை ஜாஸ்தி."

"சரி விடுங்க. நானே வரிக்கு வரி இங்கிலீஷ்ல மாத்தி அந்தம்மாவுக்கு அனுப்பிடறேன். அவங்க லிஸ்ட்ல போட்டாங்கனா முடிஞ்சுது, அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. காலையில குளிச்சுட்டு, பூஜை முடிச்சுட்டு, கிளாஸுக்கு முன்னாடி வந்துடறேன். சாவி குடுங்க."

அம்மையாரின் லிஸ்ட் என்பது எல்லோரும் படிக்கக்கூடிய மின்னஞ்சல் குழு. புதுச்சேரி ஆசிரியரும் அதில் இருந்தார்.

மாலை போட்டவர் வாய்விட்டுக் கேட்டதை மறுக்கக் கூடாது என்பார்கள். சாவியைக் கொடுத்தேன். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், கேலிக்குத்தான். "சாமி சரணம், கடை ஓனரே" என்றான். அன்று எட்டு மணிக்கு, ரப்பர் செருப்போடு, காய்ந்த துணியால் ஷட்டரை இழுத்து, பூட்டை அழுத்தி மூடும்போது மழை வலுத்திருந்தது. பெயர்ப்பலகை எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படிச் சுவரைக் கடந்துதான் வீட்டுக்குப் போனேன்.

காலையில் ஆறரை மணிக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் வந்து கூப்பிட்டார். ஈர வேட்டி, வெறுங்கால், நடைபாதையில் தண்ணீர். அதிக நேரம் ஆகியிருக்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒரு கை ஷட்டரிலேயே இருந்ததாம். சாவி பூட்டில் இருந்தது. காவல் நிலையத்தில், பெயர்ப்பலகையை அணைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மறதி என்று எழுதிக்கொண்டார்கள். நான் எதையும் மறப்பவன் அல்ல. ஆனால் அந்தச் சொல்லை அவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். எழுத்து ஒன்றும் தவறாக இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் தீபம். பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை வாங்கி, கூட்டத்தில் வண்டி நகராமல், சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பும்போது மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். சாலையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டி மலையைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

மதிவதனி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஷட்டரப் பத்தி அவன்கிட்ட சொன்னீங்களா?" சொல்ல விட்டுப்போச்சு என்றேன். அவள் தலையசைத்தாள். வயரை மாற்றி ஐந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் தினமும் எட்டு மணிக்கு வீட்டிலிருந்து நடந்து வந்து, அந்தச் சுவிட்சைத் தன் கையால் அணைத்துவிட்டுப் போகிறாள். நான் அணைத்திருந்தாலும் ஒருமுறை போட்டு, மறுபடி அணைக்கிறாள். பழக்கமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அம்மையார் இரங்கல் தெரிவித்து எழுதினார். கோப்பின் உரிமை இப்போது சட்டப்படி வாரிசைச் சேரும் என்றும், வாரிசு விரும்பினால் புதிய அனுமதி தரலாம் என்றும், அவசரமில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். அது எனக்கு முன்பே தெரியும். மணமாகாத, தகப்பனில்லாத ஆணுக்குத் தாய்தான் வாரிசு. காரியம் முடிந்த மறுவாரம் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். தை மாதம் கிடைத்தது. ஒரே பெயர்: மணியம்மாள்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வாங்குவது எளிது. ஆனால், கையொப்பமிடுபவர் உள்ளடக்கத்தைப் புரிந்துகொண்டார் என்று நான் உறுதி தர வேண்டும் என அம்மையார் கேட்டிருந்தார். நியாயமான கோரிக்கை. உரிமம் முழுவதையும் தமிழில் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. மூன்று மத்தியானங்கள், அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

"இன்னா மாப்பிள்ள இது, பத்திரமா?"

"பத்திரம் மாதிரிதான் அத்தை. காசி எழுதுனத எல்லாரும் எடுத்துக்கலாம்னு நீங்க ஒத்துக்கணும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அத்தை கொஞ்ச நேரம் காம்புகளைத் தனியே ஒதுக்கினார். "அவன் கொணமும் அதான். பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பென்சிலு வாங்கிக் குடுத்தனுப்பினா, சாயங்காலம் கைய வீசிக்கினு வருவான். கேட்டவனுக்குக் குடுத்துட்டேன்மானு சொல்லுவான். இதுல அவன் பேரு இருக்குதா?"

"இருக்குது அத்தை. மொத வரியிலயே."

அது உண்மை. புதிய அனுமதியில், எழுதியவர் காசி என்றுதான் இருக்கிறது. அடுத்தவர் பெயரை எடுப்பவன் நான் இல்லை.

"இருக்கும்போது அவனக் கேட்டீங்களா நீங்க?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"எழுதிக் குடுத்துட்டேன்னு சொன்னான்."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னக் கேக்கறீங்க?"

அவங்க விதி அப்படி அத்தை என்றேன். அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். மை ஒற்றி, கட்டைவிரலைப் பிடித்து, கலங்காமல் ஒரே அழுத்தாக எடுத்தேன். பிறகு தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துவிட்டேன். பங்குனியில் எழுத்துமாற்றி அந்தத் தொகுப்பில் சேர்ந்தது. அதன் பின் வந்த எந்தப் பதிப்பிலும் பழைய ஆறு வரிகள் இல்லை. தேவையில்லாமல் போய்விட்டன. உரிமையாளரின் புதிய அனுமதி இருக்கும்போது பழைய குறிப்பைச் சுமக்க வேண்டியதில்லை. குழுவில் அப்போது, மறைந்த காசியின் கோப்பில் உரிமக் குறிப்பு எதுவும் இருக்கவில்லை என்று நான் எழுதியதை நீங்கள் எடுத்துக் காட்டலாம். படிக்கக்கூடிய குறிப்பு என்று எழுதியிருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு. திருத்திக்கொள்கிறேன்.

பழைய பதிப்புகளை யாரும் அழிப்பதில்லை என்பதை நான் அறியாமல் இல்லை. ஆனால் 2001இல் வந்ததை எடுத்துத் தூசி தட்டுவதற்கு ஒருவர் பிறந்து வளர்ந்து வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அப்போதே என் கடையில் மூன்றாம் எண் கணினியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

இனி நடைமுறை. நீங்கள் உரிம விவரத்தில் எழுத வேண்டியது இது: காசியின் கோப்புக்கு 2001ஆம் வருடமே அவருடைய அனுமதி இருந்தது. வேணு அதைப் படித்த தேதி 2004 நவம்பர் இருபத்திரண்டு. காசி இறந்த தேதி நவம்பர் இருபத்தைந்து. இடையில் இருபத்து நாலாம் தேதி மாலை, வேணு பெயர்ப்பலகை விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டு, ஷட்டரின் சாவியை அவரிடம் கொடுத்தார். ஷட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்கும் இதன் ஒரு நகலை நீங்கள் அனுப்பலாம். அதற்கு என் அனுமதி உண்டு; இந்தக் கடிதமே எழுத்துபூர்வமான அனுமதி.

ஆறு வரிகளையும் அடுத்த பதிப்பில் மறுபடி சேர்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும் உண்டு. நாலாவது வரியில் நாற்பத்தொரு இடங்கள் என்று இருக்கிறது. இந்த ஐந்து வருடத்தில் அவற்றைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒன்பதாவது அட்டவணையில் அவன் தவறு என்று குறித்த இரண்டு, தவறே அல்ல. அந்த எழுத்துருவின் முதல் பதிப்பில் அந்த இரண்டு எழுத்துகளும் நான் சொன்ன இடத்தில்தான் இருந்தன. இரண்டாம் பதிப்பில் மாற்றியிருக்கிறார்கள். அவன் பார்த்தது இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பின் அச்சுப்படி போன வருடம் எனக்குக் கிடைத்தது. இத்துடன் இணைத்திருக்கிறேன். இதை அவனிடம் காட்ட முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

குறிப்பைத் திருத்த உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அத்தை போன வருடம் தவறிவிட்டார். ஆகவே உரிமை இப்போது மதிவதனியிடம் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் உள்ளடக்கத்தைப் புரிந்துகொண்டு போட வேண்டும் என்பது விதி. அதனால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பும் முன், இன்று மத்தியானம் அவள் சமையல் வேலை முடித்ததும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்றும் விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். பேனாவை மேசையில் எடுத்து வைத்துவிட்டேன். தம்பி விஷயம் என்பதால் கேட்கும்போது கொஞ்சம் மனம் கனக்கும். ஆனால் அவள் நியாயமானவள். நாற்பத்தொன்று அல்ல, முப்பத்தொன்பதுதான் என்பதை ஒப்புக்கொள்வாள்.